டப்பாவுக்கு ஒன்று குறைகிறது

நவம்பர் 14, வெள்ளி

மே மாதம் ஓய்வு. அதற்குள் ஒரு நல்ல சேதியை எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த நோட்டை வாங்கினேன். அடுத்த வருட டைரி இன்னும் வரவில்லை என்றார் கடைக்காரர். கோடு போட்ட நோட்டே போதும், தேதியை நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

உடம்பில் இரண்டு வகைக் கொழுப்பு உண்டு. வெள்ளைக் கொழுப்பு சேர்த்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு எரிந்து சூடு தரும். கைக்குழந்தைகளுக்குப் பழுப்பு நிறைய. வளர்ந்தவர்களுக்குக் கழுத்தெலும்பை ஒட்டிக் கொஞ்சம், அதுவும் தூங்கிக்கொண்டிருக்கும். கொள்ளுத் தோலின் சாறு அதைத் தட்டி எழுப்பும் என்பது பன்னிரண்டு வருடமாக என் கட்சி. எலிகளில் எழுப்பியது. இனி மனிதர்கள். ராஜபாளையத்து மில் தொழிலாளர்கள் அறுபது ஆண்கள், எல்லோருக்கும் இடுப்பு தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல். முப்பது பேருக்குக் கொள்ளு கேப்ஸ்யூல். முப்பது பேருக்கு வெறும் மாவு அடைத்த பொய் கேப்ஸ்யூல். டப்பாவின் மேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண்ணில் எது என்கிற பட்டியல் அரக்கு வைத்த உறையில் இயக்குநர் அலமாரியில் இருக்கிறது. கடைசி நாள் வரை யாருக்கும் தெரியக் கூடாது, எனக்கும் சேர்த்து.

கொள்ளைத் தாவர ஓட்டில் நிரப்பியாயிற்று. பொய் கேப்ஸ்யூலுக்குச் சொல்லி வைத்த தாவர ஓடு வந்து சேரவில்லை. மருந்துக் கம்பெனிகள் வாங்கும் சாதாரண ஓட்டிலேயே மாவை நிரப்பச் சொல்லிவிட்டேன். இரண்டும் வெள்ளைதான். விழுங்கப் போகிற ஓடு எதுவானால் என்ன?

மாடிப்படி ஏறும்போது கீழே ஒரு பியூன் சொன்னான்: "கொழுப்பு டிபார்ட்மென்ட்டுக்கு சாம்பிள் ஏறிப் போகுது பாரு." எனக்கு முட்டிதான் வலி. காது நன்றாகவே கேட்கிறது.

நவம்பர் 17, திங்கள்

அறுபது பேருக்கும் எடை, இடுப்பளவு, கழுத்தெலும்பின் மேல் தோலின் சூடு. காலை ஏழிலிருந்து மதியம் வரை நின்றேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே டப்பா எண்ணைப் பதிவேட்டில் எழுதியது செல்லத்தாய். மில்லில் முதலுதவி நர்ஸாக இருந்தவள். இத்தனை ஆட்களையும் பிடித்துக்கொண்டு வந்ததே அவள்தான். கணினியில் ஏற்றியது எபனேசர். நாசரேத்துக்காரன், புள்ளியியல் படித்தவன், வயது இருபத்தொன்பது. மூன்று வருட ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நான் கடிதம் கொடுத்தால் நீளும். இன்று அவனுடைய பணிவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கார்த்திகை ஒன்றாம் தேதியாம். வந்தவர்களில் பலர் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை. காலில் செருப்பில்லை, ஆகவே கழற்றச் சொல்லும் வேலை மிச்சம். ஒருவரையொருவர் 'சாமி' என்கிறார்கள். எபனேசரையும் சாமி என்றார்கள், அவன் நெளிந்தான். என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டால் எடை மெஷினிலிருந்து இறக்கிவிடுவேன் என்றேன். ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் சாமிக்கு என்ன வேலை?

வியாழக்கிழமை டப்பாக்களைக் கையில் கொடுக்கிறோம். ஏழு வாரம்.

நவம்பர் 18, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. செல்லத்தாய் அறைக்கு வந்து விரதம், ஓடு என்று ஏதோ ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து தில்லியிலிருந்து போன். பேசி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்திலிருந்து கருவி கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். கலக்கவில்லை. அப்படியானால் மாட்டுக்கு அதிகமாகத் தண்ணீர் காட்டுகிறார்.

கேப்ஸ்யூல் நிரப்பியதில் கொள்ளு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று நானும் போட்டுக்கொள்கிறேன். ஆய்வுக் கணக்கில் இது சேர்த்தியில்லை. யாரிடமும் சொல்ல வேண்டியதும் இல்லை.

எடை 84.2.

டிசம்பர் 4, வியாழன்

இரண்டு வாரத்தில் எடை இறங்குகிறது! எல்லோருக்கும் அல்ல, கொஞ்சம் பேருக்கு. அதுதானே எதிர்பார்த்தது, பாதிப் பேர் மாவைத்தானே விழுங்குகிறார்கள். ராமசுப்பு என்றொரு ஃபிட்டர், பத்தொன்பது வருடமாக மலைக்குப் போகிறவர், கறுப்பு வேட்டிக்காரர்கள் அவரைக் குருசாமி என்கிறார்கள். மனிதர் இரண்டு கிலோ இறங்கியிருக்கிறார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "மத்தியானம் ஒரு நேரந்தான் டாக்டரம்மா. மத்த நேரம் பசியே தெரியல" என்றார். 'பசியை மட்டுப்படுத்துகிறது' என்று குறித்துக்கொண்டேன். நான் எதிர்பார்க்காத பலன் இது.

எபனேசர் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரொம்ப அழகா இறங்குது மேடம்."

"அழகா இறங்கினா உனக்கு என்ன வலிக்குது?"

"ஒண்ணுமில்ல மேடம். சொன்னேன்."

எல்லோரும் சந்தோஷப்படுகிற நேரத்தில் ஒருவன் மட்டும் சந்தோஷப்படவில்லை என்றால் அவனைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவேன். நாற்பது வருடமாக என் சுபாவம் இது.

டிசம்பர் 7, ஞாயிறு

எடை 84.3. ஊறுகாய் கொஞ்சம் அதிகம் போட்டுக்கொண்டேன். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

எபனேசர் நேற்று, சனிக்கிழமை லீவிலும் அலுவலகம் வந்துபோயிருக்கிறான். வாட்ச்மேன் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். இரண்டாவது முறை கேட்டபோது எத்தனை மணி என்பதையும் சொன்னார்.

டிசம்பர் 18, வியாழன்

முதல் நான்கு வாரம் முடிந்தது. இன்று எனக்கு அழுகை வந்தது, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எடை இறங்கியவர்களுக்குக் கழுத்தெலும்பின் மேல் தோலின் சூடு அரை டிகிரி கூடியிருக்கிறது. பழுப்புக் கொழுப்பு விழித்துவிட்டது. இறங்காதவர்களுக்கு அசைவே இல்லை. பன்னிரண்டு வருடமாக எலிப் புழுக்கை நாற்றத்தில் நின்றது இதற்காகத்தான்.

மதியம் பழைய டப்பாக்களை வாங்கி மிச்சத்தை எண்ணினேன். யாரையும் நம்பி விடவில்லை, நானே எண்ணினேன். ஒவ்வொருவரும் என்றைக்கு எத்தனை விழுங்கினார் என்பது அவரவர் அட்டையில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் டப்பாவுக்கு ஒன்று குறைகிறது. ஒரு டப்பாவில் குறைந்தால் தவறி விழுந்தது என்று விட்டுவிடலாம். அறுபது டப்பாவிலும் ஆளுக்கொன்றாகக் குறைகிறது. மூன்று முறை எண்ணினேன்.

ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சோதித்தால் எது கொள்ளு, எது மாவு என்று கண்டுபிடித்துவிடலாம். இதைச் செய்கிற மூளை யாருக்கு உண்டு? மருந்து அறைச் சாவி இரண்டு. ஒன்று செல்லத்தாயிடம், இன்னொன்று எபனேசரிடம். செல்லத்தாய் ஒரு குண்டூசியைக்கூட எடுக்கமாட்டாள். பெங்களூரில் என்னோடு படித்த ஒருத்தி இதே கொழுப்பில்தான் வேலை செய்கிறாள். எபனேசர் போன வருடம் அங்கே ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தான்.

டிசம்பர் 19, வெள்ளி

அலுவலகம் விட்டதும் எபனேசர் மில் வாசல் டீக்கடைக்குப் போனான். நானும் போனேன், நின்றிருந்த ஆட்டோவுக்கு இந்தப் பக்கமாக. குருசாமியோடும் இன்னும் நாலைந்து பேரோடும் அரை மணி நேரம் பேசினான். நோட்டில் எழுதிக்கொண்டான். ஆட்டோக்காரர், "எங்கம்மா போகணும்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். கடைசியில் வீட்டுக்கே போகச் சொன்னேன்.

டிசம்பர் 22, திங்கள்

பதிவேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டப்பா எண் இருக்கும் வரிசையில் இருபத்தாறு இடத்தில் ஒயிட்னர் பூசி, மேலே வேறு எண் எழுதியிருக்கிறது. இருபத்தாறு!

எபனேசர் சாப்பிடப் போனபோது அவன் மேஜை டிராயரைத் திறந்தேன். என் ஆய்வு, என் ஆய்வகம், என் மேஜை. அறுபது பேரின் பட்டியல் ஒன்று இருந்தது, அதில் இருபத்து நாலு பெயர் வட்டமிட்டிருந்தது. எடை இறங்கிய அதே இருபத்து நாலு பேர். பெயர்களுக்குப் பக்கத்தில் 'மா' என்று ஒரு குறி. மாற்றியாயிற்று என்பதற்கா? இயக்குநர் அறைக்குப் போய் உறையைக் காட்டச் சொன்னேன். அரக்கில் ஒரு கீறல். அலமாரிக் கதவு இடித்திருக்கும் என்றார் அவர். நெருப்பில்லாமல் புகையுமா?

டிசம்பர் 24, புதன்

கூப்பிட்டுக் கேட்டேவிட்டேன். பதிவேட்டை அவன் முன்னால் விரித்து வைத்தேன்.

"இது யார் வேலை எபனேசர்?"

"நான் இல்ல மேடம்."

"அப்போ யாரு?"

பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: "மேடம், யாருங்கிறத விடுங்க. எடை இறங்குன இருபத்து நாலு பேரும் மாலை போட்டவங்க. மாலை போடாத ஒருத்தருக்குக்கூட இறங்கல. அதைப் பாருங்க."

'மா' என்றால் மாலையாம். பதில் தயாராகத்தான் வைத்திருந்தான்.

"மாலையில கொழுப்பு கரையுமா? கழுத்தெலும்புல சூடு ஏறுமா?"

"காலைல நாலரைக்கும் சாயங்காலமும் பச்சத் தண்ணில தலையோட குளிக்காங்க மேடம். மார்கழிக் குளிர். குளிருக்கும் அந்தக் கொழுப்பு முழிக்கும்னு நீங்கதான் எனக்குப் பாடம் எடுத்தீங்க."

என்னுடைய பாடத்தையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான். என் கடைசி வருடத்தில், என் ஆய்வில், நேற்று வந்த பையன் ஓட்டை போடப் பார்க்கிறான். நாளைக்குக் கிறிஸ்துமஸ், ஊருக்குப் போ என்று அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

இயக்குநருக்குக் கடிதம் கொடுத்தேன். 'பதிவேட்டைத் திருத்தியதாகவும், மருந்தை எடுத்து வெளியே கொடுத்ததாகவும் சந்தேகிக்க இடமிருக்கிறது. ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பரிந்துரைக்கவில்லை.' சந்தேகம் என்றுதான் எழுதியிருக்கிறேன், குற்றம் என்று எழுதவில்லை. பதிவேட்டிலுள்ள டப்பா எண்கள்தான் கணக்கு என்பதால் ஆய்வு தொடரலாம் என்றும் எழுதினேன்.

டிசம்பர் 31, புதன்

எபனேசர் சொல்லிக்கொள்ள வந்தான். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"உறையைப் பிரிச்சதும் கொள்ளு சாப்பிட்டவங்கள்ல மாலை போடாதவங்கள மட்டும் தனியா எடுத்துப் பாருங்க மேடம். அது போதும்."

"புது வருஷ வாழ்த்துகள்" என்றேன்.

செல்லத்தாய் வராந்தாவில் நின்று அழுதாள். மூன்று வருடம் அவள் சோற்றுத் தூக்கில் பங்கு போட்டுச் சாப்பிட்டவன், அழுகை வரத்தான் செய்யும்.

ஜனவரி 4, ஞாயிறு

எடை 84.2. வீட்டு மெஷினுக்கு பேட்டரி மாற்ற வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

கடைசி எடை எடுத்தாயிற்று. குருசாமி ஆறு கிலோ குறைந்திருக்கிறார், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஜோதி பார்க்க நாளை மலைக்குக் கிளம்புகிறார்களாம். அவசர அவசரமாக எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தோம்.

ஜனவரி 12, திங்கள்

உறையைப் பிரித்தோம். இயக்குநர் எண்களை வாசித்தார், நான் பதிவேட்டில் பார்த்து எழுதினேன். கொள்ளு சாப்பிட்ட முப்பது பேருக்குச் சராசரி நாலரைக் கிலோ குறைவு. மாவு சாப்பிட்ட முப்பது பேருக்கு முந்நூறு கிராம். எடை இறங்கிய இருபத்து நாலு பேரும் கொள்ளு டப்பாக்காரர்கள், ஒருவர் தப்பவில்லை. எபனேசர் வட்டமிட்டதும் இவர்களைத்தான். உறையைப் பார்க்காமல் அவனுக்கு எப்படித் தெரியும்? என் சந்தேகம் சரியாகிவிட்டது.

கொள்ளு சாப்பிட்டும் இறங்காத ஆறு பேர் இருக்கிறார்கள். சில உடம்பு மருந்துக்கு மசியாது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போகும்.

இயக்குநர் பால்கோவா வரவழைத்தார். கொழுப்பு ஆராய்ச்சி வெற்றிக்குப் பால்கோவா! நானும் சாப்பிட்டேன். அந்தப் பியூன் எழுந்து நின்று வணக்கம் வைத்தான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று இன்னும் கை பழகவில்லை. எடை 84.4.

ஜனவரி 19, திங்கள்

குருசாமி வந்தார். தாடி எடுத்திருந்தார், காலில் செருப்பு. கையில் அரவணைப் பாயச டின்.

"ஒங்க புண்ணியத்துல இந்த வருசம் விரதம் சுத்தமா முடிஞ்சுச்சு டாக்டரம்மா."

"நான் என்ன செஞ்சேன்?"

"மாட்டெலும்பு ஓட்ட மாத்திக் குடுத்தீகளே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். அவர் ஒளிக்காமல், பெருமையாகவே சொன்னார்.

"எங்க மருமகன் மருந்துக் கம்பெனில இருக்காரு. கேப்ஸ்யூல் ஓடு மாட்டெலும்பக் காய்ச்சிச் செய்யறது, சிலதுதான் செடியில செய்யறதுன்னு அவர் சொன்னாரு. மாலையப் போட்டுட்டு அத எப்படி முழுங்க? நாங்க வரல, வேற ஆளப் பாருன்னு செல்லத்தாயிகிட்டச் சொன்னோம். அது ஒங்ககிட்டக் கேட்டுட்டு வந்து, சரி சாமின்னுச்சு. டப்பாவுக்கு ஒண்ணா அறுபதும் எடுத்துச் சூடத்துல காட்டுனோம். முப்பது, முடி கருகுற வாடை அடிச்சுச்சு. முப்பது பேப்பர் கணக்கா எரிஞ்சுச்சு. பேப்பர் டப்பாவ சாமிமாருக இருபத்து நாலு பேருக்கும் குடுத்துட்டு, மிச்ச ஆறையும் வாடை அடிச்ச முப்பதையும் மாலை போடாதவுகளுக்குக் குடுத்துருச்சு. பதிமூணு பேருக்குத்தான் மாத்த வேண்டியிருந்துச்சு. எண்ணிக்கை ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல."

பதிமூன்று பேருக்கு மாற்றினால் அந்தப் பக்கமும் பதிமூன்று. மொத்தம் இருபத்தாறு ஒயிட்னர். சூடத்தில் எரிந்தவை அறுபது. தாவர ஓட்டில் இருந்தது கொள்ளு. முடி வாடை அடித்த ஓட்டில் இருந்தது நான் நிரப்பச் சொன்ன மாவு.

ஒரு வேளைச் சாப்பாடு, கறி இல்லை, சாராயம் இல்லை, செருப்பில்லாத நடை, இரண்டு வேளைக் குளிர்ந்த நீர். இப்படி ஏழு வாரம் இருந்த இருபத்து நாலு பேரையும் பொறுக்கி எடுத்து ஒரே பக்கம் உட்காரவைத்துவிட்டு, எடை குறைந்தது கொள்ளால் என்று பால்கோவா தின்றிருக்கிறேன்.

குருசாமி போன பிறகு டின்னைத் திறக்கவில்லை. முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

செல்லத்தாயைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"ஒங்களத்தான் மேடம்."

"நான் என்ன சொன்னேன்?"

"'எப்படியாவது மாத்திக் குடுத்துத் தொலை, எனக்கு அறுபது ஆள் குறையாம வேணும், பதிவேட்ட மட்டும் சரியா எழுதிரு'ன்னீக. போன் பேசிக்கிட்டே சொன்னீக. அடிச்சுத் திருத்துனா அசிங்கமா இருக்கும்னு ஒயிட்னர் போட்டேன்."

நினைவிருக்கிறது. இந்த நோட்டில் 'பேசி அனுப்பிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். என்ன பேசினேன் என்று எழுதவில்லை.

"எபனேசரை நான் வெளிய அனுப்பினப்போ ஏன் வாயத் திறக்கல?"

"சொல்லத்தான் வந்தேன் மேடம். எபித் தம்பிதான் வேண்டாம்னுச்சு. 'நீங்க சொன்னா ஒங்க வேலை போயிரும்க்கா. மேடமே கணக்கப் பாத்தாப் புரிஞ்சுக்குவாங்க, நான் சொல்லிக்கிடுதேன்'னுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்குள்ள லெட்டர் போயிருச்சு."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பதிவேட்டை விரித்து வைத்து யார் என்று கேட்டபோது பேசாமல் நின்றானே, அப்போது இவளுடைய பெயரை விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். நான் அவனுடைய டிராயரைத் திறந்தவள். வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதமாக நானும் கொள்ளு சாப்பிடுகிறேன். 84.2, 84.3, 84.2, 84.4. உப்பு என்றேன், பேட்டரி என்றேன். பால்காரரைக்கூடச் சோதித்தேன், இதைச் சோதிக்கவில்லை.

ஜனவரி 21, புதன்

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"இந்தச் சாமி விஷயத்தை யாரும் எழுத்துல கேக்கல. வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழு வருது. பதிவேட்டுல திருத்தம் ஏன்னு கேட்டா, உங்க கடிதமே இருக்கு. பையன் திருத்தினான், அனுப்பிட்டோம். அந்தப் பதிமூணு பேரைக் கணக்குல இருந்து எடுத்துருவோம். மீதியை வெச்சுக் கட்டுரை போகட்டும். நல்ல பேரோட ரிட்டயர் ஆகுங்க மேடம். அவன்தான் ஏற்கெனவே போயிட்டானே."

நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து யோசிக்கவும் செய்தேன். பதிமூன்று பேரை எடுத்துவிட்டாலும் மாலை போட்ட பதினோரு பேர் கொள்ளுப் பக்கம் நிற்பார்கள், சராசரி நன்றாகத்தான் இருக்கும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடிக்கக்கூடிய ஒருவன் நாசரேத்தில் இருக்கிறான், அவன் பேச்சை யார் கேட்பார்கள் என்று மனசு சொன்னது. என் மனசுதான் சொன்னது.

ஜனவரி 23, வெள்ளி

நெறிமுறைக் குழுவில் ஐந்து பேர். பதிவேட்டைப் பார்த்ததும் முதல் கேள்வியே ஒயிட்னர்தான். இயக்குநர் என் கடிதத்தை எடுத்து நீட்டினார். அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கதவருகில் நின்ற செல்லத்தாய் கூப்பிடாமலே உள்ளே வந்துவிட்டாள்.

"அந்தத் தம்பி செய்யல அய்யா. நாந்தான் செஞ்சேன். நாலு எழுத்து படிச்ச புத்தியில நானா மாத்துனேன். மேடத்துக்கு ஒண்ணுந் தெரியாது."

எபனேசர் தப்பித்துவிட்டான், நானும் தப்பித்துவிட்டேன். போகிற வேலை செல்லத்தாயுடையது மட்டும்தான். அவளுடைய வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை நின்று ஒரு வருடம் ஆகிறது, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் என்னைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினார்.

தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவ என்கிட்டக் கேட்டா. நான் மாத்தச் சொன்னேன்" என்றேன். "கேட்டது காதுல விழுந்தும் என்னன்னு விசாரிக்காம சொன்னேன். அந்தப் பையன் தப்பை எனக்குக் காட்டினான், அதுக்காக அவனை அனுப்பினேன். இந்தக் கடிதத்துல இருக்கிற எதுவும் உண்மை இல்ல."

தலைவர் என் வயதுப் பெண்மணி. "எழுதித் தருவீங்களா?" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுத்து கோணல் மாணலாகப் போனது. ஆய்வு நிறுத்தப்பட்டது. என் பெயரில் விசாரணை. செல்லத்தாய்க்கு எச்சரிக்கை மட்டும். எபனேசர் பேரில் இருந்த புகாரை நீக்கிவிட்டார்கள். ஆனால் முடிந்த ஒப்பந்தத்தைத் திரும்பக் கொடுக்க விதியில் இடமில்லையாம்.

வெளியே வந்ததும் செல்லத்தாய், "ஏன் மேடம் சொன்னீக?" என்று என்னைத் திட்டினாள்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையிலிருந்து நான்கு தடவை அவனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு என்று துணி துவைக்கப் போனேன். பதினொரு மணிக்கு அவனே கூப்பிட்டான். கோயிலுக்குப் போயிருந்தானாம்.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் நேற்றே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு, வேறு எங்கே விண்ணப்பித்தாலும் கடிதம் தருகிறேன். ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"செல்லத்தாய் அக்கா வேலை போகலைல்ல?"

"போகல."

"அப்ப சரி. மன்னிக்கிறதெல்லாம் இப்ப என்னால முடியாது மேடம். அப்பா எங்கிட்டப் பேசறதே இல்ல. திருடிட்டு வந்துட்டேன்னு ஊர்ல பேசிட்டாங்க."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அந்த ஆறு பேரப் பாத்தீங்களா மேடம்?"

பார்க்கவில்லை. கொள்ளு சாப்பிட்டு, மாலை போடாத ஆறு பேர். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. குழுவின் முன்னால் உண்மையைச் சொல்ல முடிந்தது. இதைப் பார்க்கத்தான் பயம். அந்த ஆறு பேரில் ஏதாவது கொஞ்சம் இருந்துவிட்டால், ஒரு கிலோ, அரைக் கிலோ, என் பன்னிரண்டு வருடம் முழுப் பொய்யாகாது. பார்க்காதவரை அது இருக்கலாம்.

"பயமா இருக்கு எபி" என்றேன்.

"நான் லைன்ல இருக்கேன் மேடம். தெறங்க."

கணினியைத் திறந்தேன். எண்களைப் பிரித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தேன். ஒருவருக்கு நானூறு கிராம் கூடியிருக்கிறது. ஒருவருக்கு முந்நூறு குறைவு. ஒருவருக்கு இருநூறு கூடுதல். ஒருவருக்கு முந்நூறு குறைவு. ஒருவருக்கு நூறு கூடுதல். கடைசி ஆளுக்கு நூறு குறைவு. கூட்டிக் கழித்தால் சுழியம். தோலின் சூட்டிலும் மாற்றம் இல்லை.

கொள்ளு ஒன்றும் செய்யவில்லை. எலிக்குச் செய்தது, மனிதனுக்குச் செய்யவில்லை. அழுதேன், அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் தேற்றவில்லை, போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு தாள் புரட்டும் சத்தம்.

"ஆறு பேர்ங்கறது ரொம்பக் குறைவு மேடம். இத வெச்சு இல்லைன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது, இருக்குன்னும் சொல்ல முடியாது. ஆனா பாத்தத அப்படியே எழுதணும், மாலை, சூடம் எல்லாத்தையும். அடுத்து செய்யறவங்க தை மாசம் முடிஞ்சு ஆரம்பிப்பாங்க."

"யார் எழுதறது?"

"இன்னொரு தடவ மெதுவா வாசிங்க மேடம்" என்றான். "எழுதிக்கிடுதேன்."

முதல் ஆளிலிருந்து வாசித்தேன்.